கிரேக்கர் உடுத்திய ஆடையும் பிள்ளைகளின் கைவேலையும்

தைக்காத துணி ஆடையாவது எப்படி என்பதை மேனாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் முதலில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அவ்விளக்கம் வேண்டுவதில்லை. தில்லியிலோ கொல்கத்தாவிலோ பிறந்து வளர்ந்த தமிழ்ச் சிறுமியும் தாய் சேலை உடுத்துவதைப் பார்க்கிறாள்; விசேஷ நாளில் பாட்டி மடிசார் கட்டுவதைப் பார்க்கிறாள்; அடுத்த வீட்டுக் குஜராத்தி அம்மையார் முந்தானையை வலத்தோளின் மேலாக முன்புறம் விடுவதையும், எதிர் வீட்டு மராத்திய மூதாட்டி ஒன்பது கஜச் சேலையைக் கச்சமிட்டுக் கட்டுவதையும் பார்க்கிறாள். துணி ஒன்றே, கட்டும் கை மாறினால் அது வேறோர் ஆடையாகிவிடும் என்பது அவளுக்குப் பாடம் அன்று, பழக்கம். பண்டைக் கிரேக்கரின் உடையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல முன்னறிவு வேண்டியதில்லை.

ஆயினும், உலக சரித்திரப் பாடத்தில் கிரேக்கர் உடை வருவது பெரும்பாலும் ஒரு படமும் நான்கு பெயர்களுமாகத்தான். பிள்ளைகள் அப்பெயர்களை நெட்டுருப் பண்ணுகிறார்கள்; தேர்வு முடிந்த மறுநாள் மறக்கிறார்கள். பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தாலோ, பெற்றோர் வாடகைக் கடையிலிருந்து ஒரு வெள்ளை அங்கியும், பொன்தாள் ஒட்டிய இலைக் கிரீடமும் கொண்டுவந்து மாட்டிவிடுகிறார்கள். பணமும் போயிற்று, சரித்திரமும் போயிற்று. வீட்டில் இருக்கும் வேட்டியையும், ஊக்குகளையும், களிமண்ணையும், வர்ணத்தையும் கொண்டு இந்தப் பாடத்தைப் பிள்ளைகளின் கையாலேயே கற்பிக்க முடியும். அப்படிக் கற்பிக்கும்போது, படம் பார்த்துக் கற்றவனுக்குத் தோன்றாத கேள்விகள் அவர்களுக்குத் தோன்றும்.

இது புதிய யோசனை அன்று. பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞர் லெயோன் ஹியூஸே என்பவர் பாரிஸ் நகரத்து நுண்கலைப் பள்ளியில் பாடம் சொன்னபோது, சிலைகளின் படங்களை மட்டும் காட்டவில்லை. ஓர் ஆளை நிறுத்தி, அவர்மீது துணியை உடுத்திக் காட்டினார். சிலையிலுள்ள ஒவ்வொரு மடிப்பும் துணியில் எவ்வாறு விழுகிறது என்று மாணவர் நேரே கண்டனர். அவ்வாராய்ச்சிகள் 1922-இல் நூலாகவும் வெளிவந்தன. ஓவியம் பயின்ற இளைஞருக்கு ஏற்ற அந்த முறை எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஏற்றதே என்பது நம் கருத்து.

முதலில் பெப்லொஸ் என்னும் மகளிர் ஆடையை எடுத்துக்கொள்வோம். இது கம்பளி நூலால் நெய்த நீள்சதுரத் துணி, கத்திரி படாதது. அளவை உடுத்துபவரின் உடலே தருகிறது. இரு கைகளையும் விரித்து நின்றால் ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை எவ்வளவோ, அதன் இருமடங்கு அகலம் வேண்டும். தோளிலிருந்து கணுக்கால் வரை உள்ள உயரத்தோடு, மேல்மடிப்புக்காக ஏறக்குறைய ஒரு முழம் கூட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளே ஒருவரை ஒருவர் நூல்கயிற்றால் அளந்து கணக்கிடட்டும். ஒரு நான்கு முழ வேட்டியின் பன்னாவும் நீளமும் எட்டு வயதுச் சிறுமிக்குப் போதும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

துணியின் மேல்விளிம்பை வெளிப்புறமாக மடித்துத் தொங்கவிட வேண்டும். பிறகு இடப்புறம் மூடியும் வலப்புறம் திறந்தும் இருக்குமாறு உடலைச் சுற்றி, முன்துணியையும் பின்துணியையும் இரு தோள்களிலும் ஊக்கால் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு கச்சை. கச்சைக்கு மேலே துணியைச் சற்று இழுத்துவிட்டால் அங்கே ஒரு தளர்ந்த மடிப்பு உண்டாகும். கிரேக்கர் அதைக் கொல்ப்பொஸ் என்றனர். கடல் உள்வாங்கிய வளைகுடாவுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். நம்மவர் மடியில் பணத்தை முடிந்துகொண்டது போல அவர்களும் இந்த மடிப்பைப் பையாகப் பயன்படுத்தினர்.

இதைப்பற்றி ஹெரோடோட்டஸ் ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறார். லிடியா நாட்டுக் குரோசஸ் மன்னன், ஏதென்ஸைச் சேர்ந்த அல்க்மயோனிடம், பொக்கிஷத்திலிருந்து ஒரே தடவையில் உடம்பில் சுமக்கக்கூடிய அளவு பொன்னை எடுத்துக்கொள்ளலாம் என்றானாம். அவனோ மிகப் பெரிய ஆடை ஒன்றை அணிந்து, அதில் ஆழமான மடிப்பை விட்டு, அகன்ற காலணிகளையும் மாட்டிக்கொண்டு போனான். மடிப்பு நிறையப் பொற்றூளை இட்டான்; காலணிகளில் திணித்தான்; தலைமயிரில் தூவிக்கொண்டான்; வாயிலும் அடைத்துக்கொண்டான். கால்களை இழுத்து இழுத்து வெளியே வந்தவனைக் கண்டு மன்னன் சிரித்து, மேலும் அவ்வளவு கொடுத்தான். பெப்லொஸ் உடுத்திய பிள்ளைகளிடம் ஒரு கூடை பொரியைக் கொடுத்து யார் மடியில் அதிகம் கொள்கிறது என்று பார்க்கச் சொன்னால், கொல்ப்பொஸ் என்ற சொல்லை அவர்கள் ஆயுள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். நம் சேலையும் வேட்டியும் இடையில் செருகி நிற்பவை. கிரேக்கரின் பெப்லொஸ் தோளிலிருந்து தொங்குவது. ஆகவே அவர்களுக்கு ஊசியும் ஊக்கும் இன்றியமையாதன ஆயின. 1849-இல் அமெரிக்காவில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் உரிமை பெற்ற ஊக்கு நம் வீடுகளில் எல்லாம் இருக்கிறது. சுருளும் கொக்கியும் உடைய அதே அமைப்பை, வெண்கலத்தால் செய்த பழங்கால ஊக்குகளில் காணலாம். செம்புக்கம்பியை வளைத்து ஓர் ஊக்குச் செய்யச் சொன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் விருப்பத்தோடு செய்வார்கள். அருகில் ஆசிரியர் இருக்க வேண்டும்.

கித்தோன் என்பது மற்றொரு ஆடை. மெல்லிய சணல்நார்த் துணியால் ஆனது. ஆண் பெண் இருபாலாரும் அணிந்தது. பெப்லொஸைவிட அகலமானது, தோள் முதல் கை வரை சிறு பொத்தான்களாலோ தையலாலோ சேர்ப்பார்கள். ஏதென்ஸ் மகளிர் பெப்லொஸை விட்டுக் கித்தோனுக்கு மாறியதற்கு ஹெரோடோட்டஸ் ஒரு கொடிய காரணம் கூறுகிறார்: ஈஜினாத் தீவில் தோற்று அழிந்த படையிலிருந்து ஒருவன் மட்டும் தப்பி வந்தான், தம் கணவர் எங்கே என்று கேட்ட பெண்கள் ஆடை ஊசிகளாலேயே அவனைக் குத்திக் கொன்றனர், அதனால் ஊசி வேண்டாத உடை விதிக்கப்பட்டது என்கிறார். வழக்குகள் இத்தனை திடீரென மாறுவதில்லை. ஆகவே கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

ஹிமாத்தியோன் என்னும் மேலாடை நம்மவர்க்கு எளிதில் விளங்கும். இடத்தோளில் ஒரு தலைப்பை முன்னே தொங்கவிட்டு, முதுகின் வழியே சுற்றி, வலக்கையின் கீழாகக் கொண்டுவந்து, மறு தலைப்பை மீண்டும் இடத்தோளிலோ இடக்கையிலோ போட்டுக்கொள்வார்கள். திசை மாறிப் போடுவது நாகரிகம் அறியாதவன் செயலாகக் கருதப்பட்டது. கி.மு. 414-இல் அரங்கேறிய அரிஸ்டோபனீஸின் 'பறவைகள்' நாடகத்தில், கடல் தெய்வமாகிய பொசைடன், தன்னோடு வந்த அயல்நாட்டுத் தெய்வம் மேலாடையை இடப்பக்கமாகப் போட்டிருப்பதைக் கண்டு கடிந்துகொள்கிறது. தெய்வத்திற்கே அந்தக் கதி! முந்தானையை எந்தத் தோளில் போடுவது என்பதைக் கொண்டு ஊரைக் கணிக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இந்த மேலாடைக்கு ஊக்கு இல்லை. இடக்கைதான் அதைத் தாங்க வேண்டும். இதை உடுத்திக்கொண்டு ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பார் என்று ஒரு சிறுவனிடம் சொன்னால், அவனால் முடியாது. அப்படியானால் இதை உடுத்தியவன் எப்படி வேலை செய்தான்? வேலை செய்பவன் வேறு உடை அணிந்தான். எக்சோமிஸ் என்பது முழங்காலுக்கு மேலே நிற்கும் குறுகிய ஆடை. இடத்தோளில் மட்டும் இணைந்து வலத்தோளை விட்டுவிடும். கொல்லனும் உழவனும் அதை அணிந்தனர்.

உடையைக் கொண்டு சரித்திரச் சான்றை எப்படிச் சோதிப்பது என்பதற்கும் ஏதென்ஸிலேயே ஒரு வழக்கு உண்டு. பேச்சாளர் அய்ஸ்கினீஸ், பழங்காலப் பெருமக்கள் மேலாடைக்குள் கையை வைத்து அடக்கமாகப் பேசினர் என்றும், சாலமிஸில் உள்ள சோலோனின் சிலையே சாட்சி என்றும் கூறினார். அவருடைய எதிரி டெமாஸ்தனீஸ் கி.மு. 343-இல் இதற்கு மறுமொழி சொன்னார்: அந்தச் சிலையை வைத்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை, சோலோன் வாழ்ந்தோ ஏறக்குறைய இருநூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின, சிற்பிக்கு அவரைத் தெரியாது, சிற்பியின் பாட்டனாருக்கும் தெரியாது என்றார். பத்து வயதுப் பிள்ளைக்குச் சரித்திர ஆராய்ச்சியின் முதற்பாடமாக இதைவிடச் சிறந்த கதை நமக்குத் தெரியவில்லை.

சிலை என்றதும் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரேக்கர் எல்லாரும் வெள்ளாடை உடுத்தியவர்கள் என்ற எண்ணம் வெண்சலவைக் கல்லைப் பார்த்ததால் வந்தது. கல்லின்மேல் தீட்டியிருந்த வர்ணம் மண்ணிலும் மழையிலும் அழிந்தது. மிஞ்சிய வெண்மையைப் பிற்காலத்தார் அழகின் இலக்கணமாக்கிவிட்டனர். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1937-38-இல் பார்த்தினான் சிற்பங்களை இன்னும் வெண்மையாக்க எண்ணிச் செப்புக் கருவிகளால் சுரண்டிய அவலமும் நடந்தது. ஏதென்ஸ் அக்ரோபொலிஸில் 1886-இல் கிடைத்த 'பெப்லொஸ் கன்னி' என்னும் சிலையில் வர்ணத்தின் சுவடுகள் இன்றும் உள்ளன. ஜெர்மானிய அறிஞர் வின்சென்ஸ் பிரிங்க்மன் முதலியோர் ஒளியின் துணைகொண்டு இத்தகைய சுவடுகளை ஆராய்ந்து, வர்ணம் தீட்டிய மறுபடிவங்களை 2003 முதல் பல நாடுகளில் காட்சிக்கு வைத்தனர். ஆகவே பிள்ளைகளின் கையில் வர்ணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். மஞ்சிட்டிச் சிவப்பும், குங்குமப்பூ மஞ்சளும், கடற்சங்கிலிருந்து எடுத்த ஊதாவும் கிரேக்கர் அறிந்த சாயங்கள். உருளைக்கிழங்கை அறுத்து அச்சாக்கி, விளிம்பில் திரும்பித் திரும்பிச் செல்லும் கோட்டுக்கோலத்தைப் பதிக்கலாம். ஆசியா மைனரில் வளைந்து வளைந்து ஓடும் மயாண்டர் ஆற்றின் பெயரே அக்கோலத்திற்கு வழங்குகிறது. கோலம் போடப் பழகிய விரல்களுக்கு இது எளிது.

உடையோடு நின்றுவிடக் கூடாது. துணிக்கும் போக வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், அமாசிஸ் ஓவியர் தீட்டிய சிறு எண்ணெய்க் குப்பி ஒன்று இருக்கிறது. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு, காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பெண்கள் கம்பளியை நிறுப்பதும், நூற்பதும், தறியில் நெய்வதும், நெய்த துணியை மடிப்பதும் அதைச் சுற்றித் தீட்டப்பட்டிருக்கின்றன. தறி நிமிர்ந்து நிற்கிறது. பாவு நூல்கள் மேற்சட்டத்திலிருந்து தொங்குகின்றன. அடியில் கட்டிய எடைகள் அவற்றை விறைப்பாக வைக்கின்றன. நெசவு மேலிருந்து கீழாக வளர்கிறது. ஊடையை மேல்நோக்கி அடித்து இறுக்க வேண்டும். குழியில் கால்விட்டு உட்கார்ந்து நெய்யும் நம் நெசவாளரைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். கிரேக்கப் பெண் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் நெய்தாள்.

அட்டைப் பெட்டியின் இரு பக்கங்களுக்கிடையே ஒரு குச்சியை வைத்து, பத்து நூலைத் தொங்கவிட்டு, களிமண் உருண்டைகளைக் கட்டினால் இத்தறி கிடைக்கும். எடைகள் சமமாக இல்லாவிட்டால் நெசவு கோணிக்கொள்ளும். அதைத் திருத்தும்போது பிள்ளைகள் கற்றுக்கொள்வது கொஞ்சம் அன்று. கிரேக்க நாட்டில் அகழுமிடங்களில் எல்லாம் மண் எடைகள் கிடைக்கின்றன. துணியோ மிக அரிதாகவே கிடைக்கிறது. 1977-இல் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் வெர்கினாவில் திறந்த அரச சமாதியில், பொற்பேழைக்குள் பொன்னும் ஊதாவும் கலந்து நெய்த துணி இருந்தது பெரும் வியப்பாயிற்று. துணி மக்கிவிடுகிறது, களிமண் நிற்கிறது. தாம் செய்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது இது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

தறியில் குழந்தைகளின் பங்கும் இருந்தது. அதீனா தேவியின் விழாவுக்காக நெய்யப்பட்ட பெப்லொஸின் வேலையை, ஏழு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட சிறுமியர், உயர்குடியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தொடங்கிவைத்தனர். தெய்வங்கள் அரக்கரை வென்ற போர் அத்துணியில் சித்திரமாக நெய்யப்பட்டது. பார்த்தினானின் கிழக்குப் பக்கச் சிற்பத்தில் ஒரு பெரியவரும் ஒரு சிறாரும் துணி ஒன்றை மடிக்கும் காட்சி உண்டு. அது இந்த ஆடையே என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை.

தறியில்லாமல் மடிப்பு வராது என்று உணர்ந்தவர் அமெரிக்கப் பெண்மணி ஈவா பால்மர். கடைத்துணி சிலைகளில் உள்ளதுபோல் விழாததைக் கண்டு, தாமே நெசவு பயின்று, கிரேக்க முறையில் உடுத்தி வாழ்ந்தார். கவிஞர் ஆஞ்செலோஸ் சிகெலியானோஸை மணந்து, 1927-இலும் 1930-இலும் டெல்ஃபியில் நடத்திய விழாக்களில், பழைய நாடகங்களுக்கு உரிய ஆடைகளைக் கையால் நெய்து கொடுத்தார். தாதாபாய் நவ்ரோஜியின் பேத்தியார் குர்ஷித் நவ்ரோஜி 1920-களில் கிரீஸில் இவரோடு பழகியவர். பிறகு இந்தியா திரும்பிக் காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1937-இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பிக்கும் ஆதாரக் கல்விக்கு வித்திட்டது. தக்ளியின் வழியே சரித்திரம் சொல்லலாம் என்பது நம் நாட்டிலேயே பேசப்பட்ட கொள்கைதான்.

ஆனால் கைவேலை இன்பமாக இருப்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. வர்ணமும் விளையாட்டுமாகப் பாடம் முடிந்துவிட்டால், பண்டைக் கிரேக்கத்தில் துணி தானாக விளைந்தது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். யார் நூற்றார், யார் நெய்தார் என்று சொல்லியாக வேண்டும். சிறு பிள்ளைகளிடம் அடிமை முறையைப் பற்றிப் பேச வேண்டாம் என்பார் சிலர். நாம் அதற்கு உடன்படவில்லை. அரை நாள் தறியில் நின்று இரண்டு விரற்கடை நெய்த பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

ஸெனபன் எழுதிய நூலொன்றில் ஒரு கணவன் சொல்கிறான்: பதினைந்து வயது நிறையாமல் தன் வீட்டுக்கு வந்த மனைவிக்குத் தெரிந்ததெல்லாம், கம்பளியை வாங்கி ஆடை ஆக்குவதும், பணிப்பெண்களுக்கு நூற்பு வேலையைப் பகிர்ந்து கொடுப்பதும்தானாம். அதே ஆசிரியர் சாக்ரட்டீஸைப் பற்றி எழுதிய நிகழ்ச்சி ஒன்று இன்னும் தெளிவானது. ஏதென்ஸில் உள்நாட்டுப் போர் மூண்ட காலம். அரிஸ்டார்க்கஸ் என்பவனுடைய வீட்டில், சகோதரிகள், மருமக்கள், ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று பலர் அடைக்கலம் புகுந்து, அடிமைகள் நீங்கலாகவே பதினான்கு பேர் ஆயினர். நிலத்தைப் பகைவர் பிடித்துக்கொண்டனர்; நகரத்து வீட்டுக்கு வாடகைக்கு வருவாரில்லை. உறவினர் பட்டினி கிடப்பதைப் பார்த்திருக்கவும் முடியவில்லை, சோறு போடவும் முடியவில்லை. ஆடை நெய்து விற்றே செல்வரானவர் இருக்கிறார்களே என்றார் சாக்ரட்டீஸ். அவர்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளை வைத்து வேலை வாங்குகிறார்கள், என் வீட்டிலிருப்பவர்கள் சுதந்தரப் பெண்கள், உறவினர் என்றான் அவன். சுதந்தரமானவர் என்பதற்காக உண்டு உறங்குவதைத் தவிர வேறொன்றும் செய்யலாகாதோ என்று கேட்டார் அவர். அரிஸ்டார்க்கஸ் கடன் வாங்கிக் கம்பளி வாங்கினான். பெண்கள் பகல் முழுதும் வேலை செய்தனர், முகவாட்டம் நீங்கியது, ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் மகிழ்ந்து பழகினர். கடைசியில், இந்த வீட்டில் வேலை செய்யாமல் சாப்பிடுகிறவர் நீர் ஒருவர்தான் என்று அவனையே கேலி செய்தனராம்.

இனிய கதைதான். ஆனால் அதற்குள்ளே, விலைக்கு வாங்கப்பட்டு அடுத்த வீட்டுத் தறியில் நின்றவர்களின் முகவாட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அவர்களுடைய உடை எப்படி இருந்தது என்று கேட்டால் விந்தையான விடை கிடைக்கும். ஏதென்ஸின் ஆட்சி முறையைக் குறைகூறி ஒரு பழைய ஆசிரியர் எழுதிய சிறு நூல், தெருவில் எதிர்ப்படும் அடிமையை அடிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்கிறது. காரணம், பொதுமக்கள் அடிமையைவிட நன்றாக உடுத்துவதில்லை, ஆகவே அடிபடுபவன் குடிமகனாக இருந்துவிடக் கூடும் என்கிறது. கிரீட் தீவின் கோர்ட்டின் நகரில் கல்லில் வெட்டிய கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டமோ, மணவிலக்குப் பெற்ற பெண் தான் நெய்ததில் பாதியை எடுத்துச் செல்லலாம் என்கிறது. பாதி ஏன், முழுதும் ஏன் அவளுக்கு இல்லை என்று ஒரு சிறுமி கேட்டால், ஆசிரியர் வகுப்பையே அதைப்பற்றி விவாதிக்க விடலாம்.

இந்தியத் துணியைப் பற்றிக் கிரேக்கர் கொண்ட வியப்பும் இந்தப் பாடத்தில் சேர வேண்டியதே. இந்தியாவில் காட்டு மரங்கள் கம்பளி காய்க்கின்றன, அது ஆட்டு மயிரைவிட அழகும் தரமும் உடையது, அந்நாட்டார் அதையே உடுத்துகின்றனர் என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். பருத்தியைத்தான் அப்படிச் சொன்னார். அலெக்சாந்தரின் கப்பற்படைத் தலைவன் நியார்க்கஸ், இந்தியர் கெண்டைக்கால் நடுவரை ஓர் ஆடையும், தோளைச் சுற்றி ஒன்றும் உடுத்தி, தலையிலும் சுற்றிக்கொண்டனர் என்று எழுதிவைத்ததை அர்ரியன் எடுத்துரைக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய செங்கடல் வழிநூல், அர்கரு என்னும் ஊரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய துணியைக் குறிக்கிறது. அவ்வூர் நம் உறையூரே என்பர்.

கொல்கத்தாவில் இருப்போர் இந்தியன் மியூசியத்திலும், சண்டிகரில் இருப்போர் அரசாங்க மியூசியத்திலும் காந்தாரச் சிற்பங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இரு தோள்களையும் மூடி, வரிவரியாக விழும் புத்தர் பெருமானின் சீவர ஆடையில் கிரேக்க, ரோமானியச் சிற்பிகளின் மடிப்பு முறை தெரிகிறது. முன்பே ஹிமாத்தியோன் உடுத்திப் பார்த்த பிள்ளை, துணி எந்தத் தோளிலிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து காட்டும்.

வகுப்பு முடிவில் செய்வதற்கு ஒரு வேலை உண்டு. ஏதென்ஸுக்கு அருகே பிராவ்ரோன் என்னும் இடத்தில் ஆர்ட்டெமிஸ் தேவிக்குப் பெண்கள் ஆடைகளைக் காணிக்கையாக அளித்தனர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவற்றின் பட்டியலைக் கல்லில் பொறித்துவைத்தார்கள். இன்னாள் கொடுத்தது, இன்ன வகை ஆடை, இன்ன நிறம், விளிம்பில் இன்ன வேலைப்பாடு என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். கந்தலானதையும் விட்டுவிடவில்லை, நெய்து முடியாததைப் பாதி நெய்தது என்றே குறித்தார்கள். பிள்ளைகள் தாம் செய்த ஆடை, ஊக்கு, தறித்துண்டு எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி, அதே முறையில் ஒரு பட்டியல் எழுதட்டும்: செய்தவர் பெயர், துணியின் வகை, நிறம், விளிம்பு. தறியில் இன்னும் தொங்குவதையும் அதன் நெய்தவர் பெயரோடு, பாதி நெய்தது என்று எழுதட்டும்.